என் வண்டியின் மஞ்சள் விளக்கு

நமது கல்லூரிச் சஞ்சிகையிலே மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு என் பழைய தோழர்கள் நகைப்பார்களோ என்னவோ, அறியேன். பௌதிக வகுப்பில் உராய்வைப் பற்றிய பாடத்தைக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டும் கேளாதவனாய் இருந்தவன் நான். அதன் பயனைப் பல்லாண்டு கழித்து ஒரு மழைநாளில் அனுபவித்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

என் தந்தையார் அம்பாஸடர் வண்டி ஒன்று வைத்திருந்தார். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிய வீதிகளில் எனக்கு வண்டியோட்டக் கற்பித்தவர் அவரே. "ஈரத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாதே, விட்டு விட்டு மிதி" என்பது அவர் தந்த முதற்பாடம். சுழற்சி நின்ற சக்கரம் சறுக்கும். சறுக்குகின்ற முன்சக்கரத்தை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது, நேரே போகும். இதனை அவர் பௌதிகம் படித்து அறிந்தவரல்லர். கால் அறிந்த கல்வி அது.

2021-ஆம் ஆண்டில் நான் வாங்கிய வண்டியிலோ இக்கல்வி தேவையில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் ஏ.பி.எஸ். அதில் உண்டு. ஓட்டுபவன் செய்யவேண்டியது ஒன்றே: அழுத்தி மிதித்து, மிதித்த காலை எடாதிருத்தல். கிளம்பும்போது சக்கரம் வீணே சுழன்றால் அச்சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தி, எஞ்சினின் வேகத்தையும் குறைக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலும் உண்டு. இவ்விரண்டுக்கும் மேலானது ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். ஸ்டியரிங் எவ்வளவு திருப்பப்பட்டது, நான்கு சக்கரங்களும் தனித்தனியே என்ன வேகத்தில் சுழல்கின்றன, வண்டி தன் அச்சில் எவ்வளவு திரும்புகிறது என்பவற்றை அது இடைவிடாது அளக்கின்றது. ஓட்டுபவன் விரும்பிய வழியும் வண்டி செல்லும் வழியும் வேறுபட்டால், தக்க சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்துகின்றது. பின்புறம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்திலும், முன்புறம் திரும்ப மறுத்தால் உட்பக்கப் பின்சக்கரத்திலும் பிடி விழும். மனிதனுக்கோ ஒரே பிரேக் மிதிதான். ஒரு சக்கரத்தை மட்டும் தடுக்க அவனால் எங்ஙனம் கூடும்?

1995-இல் ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் வண்டியில் இது முதன்முதல் வந்தது. 1997-இல் அதே நிறுவனத்தின் சிறு வண்டி ஒன்று சுவீடன் நாட்டுப் பரிசோதனையில் கவிழ்ந்தபோது, செல்வர் வண்டிக்கென்று இருந்த இக்கருவியை அச்சிறு வண்டிகள் யாவற்றிலும் பொருத்தினர். கவிழ்ந்த வண்டியால் விளைந்த நன்மை அது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெறுவதற்கு ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் வேண்டும்.

பனகல் பூங்காவைச் சுற்றி ஆமைபோல் ஊரும் வண்டிக்கு இவையெல்லாம் எதற்கு என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாது சும்மா இருக்கும் கருவிதான் இது, மறுக்கவில்லை. ஆயினும் உஸ்மான் சாலை மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலால் நின்று மீண்டும் கிளம்புகையில், கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கு மாறும் வரை வண்டியைப் பின்னே உருளாமல் இரண்டொரு நொடி பிடித்து வைப்பதும் இதே குழாய்களும் வால்வுகளுமே. அவ்வுதவியை நாள்தோறும் பெற்றும் நான் அறியாதிருந்தேன்.

அறிவித்தவர் ஓர் ஆட்டோக்காரர். 2024 ஆகஸ்டு மாதம் ஒருநாள் அம்மேம்பாலத்தில் என் வண்டி பின்னே உருண்டது. "சார், பின்னாடி நாங்க இருக்கோம்!" என்று அவர் கூவினார். அன்றுதான் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிவதைக் கவனித்தேன். சறுக்கும் வண்டியின் சித்திரம் அதில். பக்கத்திலேயே ஏ.பி.எஸ். என்ற எழுத்துக்களும் எரிந்தன. தொழிற்சாலை ஒன்றில் காட்டினேன். "பிரேக் பிடிக்கிறது, பயமில்லை, மெதுவாகப் பார்க்கலாம்" என்றார்கள். அது எனக்கு வசதியான விடையாயிருந்தது. உடன் வரும் என் மகள், "அப்பா, அது ஏன் இன்னும் எரிகிறது?" என்று இருமுறை கேட்டாள். "அது ஒன்றுமில்லை, அம்மா" என்றேன் இருமுறையும்.

அக்டோபர் நடுவில் பெருமழை பெய்தது. மழை விட்ட மறுநாள், மெட்ரோ இரயில் வேலைகளால் குறுகிக் கிடந்த மந்தைவெளி வழியைத் தவிர்த்து, மகளுடன் சாந்தோம் வழியாக அடையாறு சென்றேன். பட்டினப்பாக்கத்தில் திரும்புமிடத்தில் கடற்கரை மணலும் மழைச் சேறும் கலந்து சாலையில் மெழுகியதுபோற் கிடந்தன. வேகம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. தலையில் மீன்கூடையுடன் ஓர் அம்மாள் சாலையைக் கடந்தார். நான் அழுத்தி மிதித்தேன். மிதித்த காலை எடுக்கவில்லை. காலடியில் வழக்கமான துடிப்பு வரவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டியோ நேரே அவ்வம்மாளை நோக்கிச் சறுக்கியது.

ஒரு முழம் இருக்க நின்றது. நின்றதற்கு நான் காரணமல்லேன். சேறு அவ்விடத்தில் முடிந்து காய்ந்த தார் தொடங்கியிருந்தது. கூடை கவிழ்ந்து மீன்கள் சாலையில் சிதறின. அவ்வம்மாள் என்னை வைவதற்கு முன், உள்ளே அழுதுகொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டார். பிறகே, "கண்ணு தெறந்து ஓட்டுய்யா" என்றார். நானும் மகளும் மீன்களைப் பொறுக்கிக் கூடையில் இட்டோம். கெட்டுப்போனவற்றின் விலையைச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

தந்தையார் கற்பித்தபடி விட்டு விட்டு மிதித்திருப்பின் வண்டி திரும்பியிருக்கும். அப்பழக்கத்தைப் புதிய கருவி என் காலிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது, எடுத்தது குற்றமன்று. அக்கருவி செயலற்றுக் கிடக்கிறது என்று அதுவே இரண்டு மாதமாய் விளக்கேற்றிச் சொல்லியும், அது இருப்பதாகவே எண்ணி ஓட்டியவன் நான். கருவி பழுதின்றி இருந்திருந்தாலுங்கூட, சேற்றில் டயருக்கு இல்லாத பிடியை அதனால் உண்டாக்க இயலாது. இருக்கும் பிடியைச் சிதறவிடாமல் பங்கிடுவதே அதன் தொழில். உராய்வுப் பாடம் அவ்வளவே.

மறுநாளே வேறொரு தொழிற்சாலையில் பார்த்தார்கள். இடப்பக்கப் பின்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்ஸாரின் கம்பியை எலி கடித்திருந்தது. மாற்ற அரைமணி நேரமும் ஆகவில்லை.

இப்போது சாவியைத் திருப்பியதும் விளக்குகள் யாவும் ஒருமுறை எரிந்து, சில நொடிகளில் ஒவ்வொன்றாய் அணைகின்றன. என் மகள் பக்கத்து ஆசனத்திலிருந்து எட்டிப் பார்த்து, மஞ்சள் விளக்கு அணைந்த பின்னரே, "போகலாம் அப்பா" என்கிறாள்.