சின்னக் கப்பலின் கீர்த்தி

எங்கள் அமிர்தி மலையடிவாரத்தில் கடல் ஏது? ஆனாலும் என் பிள்ளைக்குக் கப்பல் உத்தியோகம். கலங்கரை விளக்கங்களுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல்.

"போர்க்கப்பல் இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் உதட்டைப் பிதுக்கியபோது எனக்குச் சுருக்கென்றது. நீங்களே சொல்லுங்கள், பெற்ற மனசல்லவா!

லீவில் வந்த பிள்ளை சிரித்தான். "அமெரிக்காவில் 'மாங்க்ரோவ்' என்று இப்படியொரு கப்பல் இருந்ததம்மா. நம் பக்கம் தோல் பதனிடுகிறார்களே, அதற்குப் பட்டை தருகிற மரங்களில் ஒன்றான கண்டலின் பெயர்தான்! 1898-ல் ஸ்பெயினோடு யுத்தம் மூண்டதும் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. இரண்டே சிறு பீரங்கி. ஏப்ரல் 25-ல், ஹவானா அருகே, தன்னைவிடப் பெரிய 'பனாமா' கப்பலையே பிடித்துவிட்டது! பிறகு பழையபடி விளக்குகளுக்கு ஊழியம். 1917-ல் மறுபடியும் யுத்த அழைப்பு."

பக்கத்து வீட்டு அம்மாளை இன்று மாலை காப்பிக்கு அழைத்திருக்கிறேன்!