முடிக்கு மை தீட்டாத ஓவியர்

என் பேரனுடன் உட்கார்ந்து ஜப்பானியக் கார்ட்டூனான 'டிராகன் பால்' தொடரை நானும் பார்ப்பதுண்டு. நாயகன் கோகு கோபத்தின் உச்சத்தில் உருமாறும்போது, கறுப்புத் தலைமுடி பொன்னிறமாகிச் சிலிர்த்து நிற்கும். இதில் ஏதோ பெரிய தத்துவம் இருப்பதாகப் பேரனுக்கு நினைப்பு.

காரணம் எளிமையானது. அகிரா தோரியாமா இந்தக் கதையை 1984 முதல் 1995 வரை ஒரு வார இதழில் சித்திரத்தொடராக வரைந்தார். வாரத்துக்குச் சுமார் 15 பக்கம். கோகுவின் முடிக்குக் கறுப்பு மை தீட்டவே உதவியாளருக்கு நேரம் போயிற்று. அச்சோ கறுப்பு வெள்ளை. முடி பொன்னிறம் என்றால் தாளை வெள்ளையாகவே விட்டுவிடலாமே! சண்டைகளைப் பொட்டல்வெளிக்குக் கொண்டுபோனதும் கட்டடங்கள் வரையும் வேலை குறையத்தான்.

தாம் ஒரு சோம்பேறி என்று தோரியாமாவே சொல்லிக்கொள்வார். ஆனால் பாருங்கள், அந்தப் பொட்டலில்தான் யார் யாரை எங்கே அடிக்கிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. மை தீட்டாமல் விட்ட அந்த முடியைத்தான் இன்று உலகமெங்கும் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

2024 மார்ச்சில், 68 வயதில் அவர் காலமானார். ஏறக்குறைய என் வயது. பதினோரு வருடம் வாராவாரம் கெடுவோடு மல்லுக்கட்டியவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.