தூங்குமூஞ்சி வாழும் வேலி

ரீயூனியன் தீவில் பச்சோந்தியை ‘அந்தோர்மி’ என்கிறார்கள். தூங்குமூஞ்சி என்று பொருள். நம் ஊரில் அந்தப் பெயர் சாலையோர மரத்துக்கு. அங்கே வேலியில் நகரும் உயிருக்கு.

மொரிஷியசிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிழக்குக் கரையில் செந்த் ஆந்த்ரே நகரில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கோபுரம் தெரிகிறது. 1848ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்பு வெட்ட வந்த தமிழர்களின் வாரிசுகள் இங்கே ஏராளம். பெயரில் தமிழ் இருக்கிறது, பேச்சு கிரியோல். நான் தங்கிய வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் பொதுவாக இருந்தவை ‘முருகன்’, ‘கறி’ போன்ற சில சொற்கள்தான். மற்றதைப் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த வீட்டுச் செம்பருத்தி வேலியில்தான் குட்டியைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம் இருக்கும். மழை விட்ட காலையில், இலை நுனியில் தொங்கிய துளியை நக்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. துளி அசைந்து மின்ன வேண்டும். கூண்டில் வளரும் குட்டிகள் பல, பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் வறண்டு சாவது இதனால்தான்.

இதை நான் ஊன்றிக் கவனித்ததற்குக் காரணம் உண்டு. ஜொகூரில் என் அக்கா மகன் இதே இனத்தில் ஒரு குட்டி வாங்கத் துடித்துக்கொண்டிருந்தான். வேலி இலவசமாகக் கொடுப்பதையெல்லாம் அவன் காசு கொடுத்து அமைக்க வேண்டும். கண்ணாடித் தொட்டி ஆகாது, காற்றோட்டமான வலைக்கூண்டு வேண்டும். வெயிலுக்குப் பதில் புற ஊதா விளக்கு. இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். குட்டியின் தலை அகலத்தைவிடச் சிறிய வெட்டுக்கிளிகள், அவற்றின்மேல் சுண்ணாம்புச் சத்துத் தூள், இலைகளில் தினமும் நீர்த்தெளிப்பு. துணைக்கு இன்னொன்றை விடவும் கூடாது. இவை தனிக்கட்டைகள்.

படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டினேன். குட்டி கறுத்துப்போனது. இலைக்கு ஒத்துப்போக நிறம் மாறுகிறது என்றுதான் நாம் படித்தோம். பயம், கோபம், சூடு, வெளிச்சம் இவைதான் பெரும்பாலும் காரணம். தோலிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் காட்டியதும் இந்த இனத்தில்தான். நம் அரசியல்வாதிகளுக்கு இதன் பெயரைச் சூட்டுவது இதற்குத்தான் அவமானம்.

மடகாஸ்கரிலிருந்து வந்து குடியேறிய உயிர் என்றாலும், ரீயூனியனில் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. பாட்டியின் சட்டம் இன்னும் கடுமை. குட்டிகள் தென்படும் வரை வேலியில் கத்தரி வைக்க மாட்டார். பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது.

எல்லாவற்றையும் அக்கா மகனுக்கு எழுதி அனுப்பினேன். அனுமதிப் பத்திரம் இல்லாத குட்டியைத் தொடாதே என்றும் சேர்த்தேன். உடனே பதில் வந்தது: “அப்போ கையில எடுத்துக் கொஞ்சவே முடியாதா சித்தி?”

பூனை வளர்த்துக்கொள் என்றேன்.