பழுப்புப் புட்டியும் சி ஷிப்டும்

மண்ணூரைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இரவுப் பணியான சி ஷிப்டுக்குச் செல்வோர், இமை கனக்கும் பின்னிரவு இரண்டு மணியைத் தேநீரால் கடப்பதே வழக்கம். நிசான், கொமாட்சு, யமஹா எனப் பல ஜப்பானியப் பெயர்கள் ஊன்றிய இவ்வட்டாரத்தில், அந்நாட்டார் அதே வேளைக்கு நாடும் 'எய்யோ டோரிங்கு', அதாவது ஊட்டப் பானம், யாரேனும் ஒருவர் வழியாகக் கைக்கு வந்துசேர்வது வியப்பன்று.

இவ்வகையில் புகழ்பெற்ற 'லிப்போவிட்டான் டி'யைத் தைஷோ மருந்து நிறுவனம் 1962இல் வெளியிட்டது. பழுப்புக் கண்ணாடியாலான 100 மில்லிலிட்டர் புட்டியில் 1,000 மில்லிகிராம் டாரினும், 50 மில்லிகிராம் காஃபினும், பி வகை வைட்டமின்களும் உள்ளன. டாரின் என்பது 1827இல் எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டு, எருதைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பெயரிடப்பட்ட சேர்மம். மனித உடலே அதை ஆக்கிக்கொள்ளும் என்பதை விளம்பரங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

புட்டியைத் திறந்து ஒரே மடக்கில் குடிப்பவருக்கு இருமல் மருந்தை நினைவூட்டும் இனிப்பு முதலில் தெரியும். கால் மணி, அரை மணி கழிந்தபின் கண் தெளிந்து, நெஞ்சு சற்றே விரைந்து துடிக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்னும் பொருள் சென்று பற்றும் இடங்களைக் காஃபின் முன்கூட்டியே அடைத்துக்கொள்வதே இதன் காரணம். சேர்ந்த களைப்பு சேர்ந்தபடியே இருக்க, அதன் செய்தி மட்டும் தடைபடுகிறது. பின்னர்ச் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது ரிபோஃபிளேவின் எனப்படும் பி2 வைட்டமினின் நிறமே. மருந்து 'வேலை செய்ததற்கு' அதைச் சான்றாகக் கொள்வோரும் உண்டு.

உண்மையில் அந்த 50 மில்லிகிராம் காஃபின், இரண்டு சிறு கிளாஸ் கடைத் தேநீரில் கிடைக்கும் அளவை ஒட்டியதே. மருந்துப் புட்டியின் தோற்றமும், 1999 வரை ஜப்பானில் இது மருந்தாகவே விற்கப்பட்டு, அதன்பின் 'மருந்தை ஒத்த பொருள்' என்னும் வகைக்கு மாற்றப்பட்டுப் பொதுக் கடைகளுக்கு வந்த வரலாறும் சேர்ந்து, குடிப்பவரின் நம்பிக்கையைக் காஃபினுக்கு மேலாகவே தூண்டுகின்றன எனலாம். எனினும் அடர்த்தி குறைவன்று: இந்தியாவில் காஃபின் பானங்களுக்கு லிட்டருக்கு 300 மில்லிகிராம் என உணவுப் பாதுகாப்பு விதி உச்சவரம்பு வைத்திருக்க, இப்புட்டியின் கணக்கு 500 ஆகிறது.

அளவைவிட வேளையே இங்குக் கவனத்திற்குரியது. உட்கொண்ட காஃபினில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்; இரண்டு மணிக்குக் குடித்தவர் கம்பெனி பஸ்ஸில் திரும்பி, வெயில் ஏறும் ஏழு மணிக்கு அறையின் ஜன்னலைச் சாத்திப் படுக்கையில், மீதிப் பாதி உள்ளேதான் இருக்கும். புட்டியோ தேநீரோ, எதுவாயினும் ஷிப்டின் முற்பாதியிலேயே குடித்து முடிப்பது நல்லது.