புளியமரத்துக்கு இந்தாண்ட

ஆரணி–செய்யாறு சாலையோரம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, ஃபைபர் கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டது. பள்ளத்தை மூடிவிட்டு வண்டியும் போய்விட்டது. தோண்டுமுன் தகவல் சொல்ல 2023-ல் மத்திய அரசு ஒரு செயலியே கொண்டுவந்தது. இங்கே யாரும் சொல்லவில்லை. வரிசையாக மூன்று டவர்கள் முடங்கின. கேபிளை வளையமாகப் போட்டிருந்தால் சிக்னல் மறுபக்கம் சுற்றி வந்திருக்கும். இது ஒற்றை வழி. 70 சதவீத டவர்களுக்கு ஃபைபர் போகவேண்டும் என்று 2019-ல் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் மிஷன் இலக்கு வைத்தது. போட்ட கேபிளைக் காப்பாற்றுவது யார் பொறுப்போ!

அறுந்ததை ஒட்ட ஜாயின்டர் பெரியவர் ஒருவரும் ஒரு பையனும் வேனில் வந்தார்கள். அவர்களுடைய ஓடிடிஆர் கருவி இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்புவதை வைத்து அறுந்த இடத்தின் தூரத்தைச் சொல்லும்.

“அண்ணே, ஏழு நானூறு காட்டுது.”

“கால்வாய்ப் பாலத்துல ஒரு லூப்பு, பங்க்கிட்ட ஒரு லூப்பு. அதைக் கழிச்சிப் பாருப்பா. புளியமரத்துக்கு இந்தாண்டதான் வரும்.”

கருவி அளப்பது இழையின் நீளத்தை. பின்னால் தேவைப்படுமென்று சேம்பர்களில் சுருட்டி வைத்த கேபிளும் அதில் சேரும். எந்தச் சேம்பரில் எத்தனை சுற்று என்பது ரூட் மேப்பில் இல்லை. பத்து வருடமாக இந்த ரோட்டில் திரியும் அந்த ஜாயின்டரின் தலையில் இருக்கிறது. அவரோ ஒப்பந்தக்காரருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் ஜாயின்ட் கணக்கில் கூலி வாங்குகிறவர். கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட தடத்தின் பாதி விவரம் இப்படி ஒரு கூலிக்காரரின் ஞாபகத்தில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறுந்த இடம் மரத்துக்கு இந்தப் பக்கமே கிடைத்தது. ஜேசிபி இழுத்த கேபிளில் அறுந்த முனையோடு சேதம் நிற்காது. உள்ளே தள்ளியும் இழை நொறுங்கியிருக்கும். சில மீட்டரை வெட்டியெறிந்து புதுத் துண்டு சேர்க்க வேண்டும். 24 இழை, இரண்டு முனை. ஆக 48 ஒட்டு.

காற்றும் தூசியும் ஆகாதென்று வேனுக்குள் உட்கார்ந்தார்கள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று நிற வரிசையில்தான் இழைகளை எடுக்கிறார்கள். கண்ணாடி 125 மைக்ரான் தடிமன். ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். மேல்பூச்சை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று நேராக முறிகிறது. ஒவ்வொரு இழைக்கும் முன்னால் பெரியவர், “ஸ்லீவ் போட்டியா?” என்றார். ஒட்டிய பிறகு அந்தக் குழலை நுழைக்க முடியாது. மெஷின் இரு முனைகளையும் நேர்படுத்தி, மின்பொறியில் உருக்கி இணைக்கிறது. திரையில் 0.02 டெசிபல் இழப்பு. ஒன்று 0.09 காட்டியதும் பேசாமல் முறித்து மறுபடி வெட்டினார். உதிர்ந்த கண்ணாடித் துணுக்குகளைக் கருப்பு டேப்பில் ஒட்டியெடுத்த பிறகுதான் டீ.

கடைசியில் புது ஜாயின்ட்டின் இடத்தைப் பையன் நோட்டில் குறித்தான்: ‘புளியமரத்திலிருந்து ஆறு மீட்டர்.’

“மரத்தை எழுதாதடா. ரோடு அகலப்படுத்த நம்பர் போட்டுட்டாங்க, பாரு. பாலத்துச் செவுத்துலேர்ந்து அளந்து எழுது.”

பையன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தான்.