நள்ளிரவு இரண்டு மணித் தண்ணீர்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீர்ப் பட்டியலைப் பார்த்ததும், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். வழக்கமாக 18 அலகுக்குள் அடங்கிவிடும் வீடு. அன்று 61 அலகு. மீற்றர் வாசிக்க வந்தவர் இளைஞர். "ஐயா, வீட்டில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு வந்து இந்தச் சில்லைப் பாருங்கள்" என்றார். பூட்டிவிட்டு வந்து பார்த்தேன். சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது.

காரணம் கூரைமேல் இருந்தது. தொட்டியின் மிதவை பழுதாகி, நிரம்பி வழிந்த நீர் பின்புறக் கானுக்குள் சத்தமின்றிப் போய்க்கொண்டிருந்தது. வாளியை வைத்து அளந்தேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். அற்பம்தான். ஆனால் நாளொன்றுக்கு 1,440 லீற்றர், முப்பது நாளில் 43,200 லீற்றர், அதாவது 43 அலகு. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணங்கள் உயர்ந்த பிறகு 43 அலகு என்பது ஓய்வுபெற்ற பத்திரிகையாளன் ஒருவனுக்குச் சிறிய விடயமல்ல. பழுது என்னுடையது, ஆகவே பணமும் என்னுடையதே. புறப்படும்போது அந்த இளைஞர் ஒன்று சொன்னார்: "ஸ்மார்ட் மீற்றராக இருந்திருந்தால் இரண்டாம் நாளே உங்கள் கைபேசிக்குச் செய்தி வந்திருக்கும்."

இந்த இடத்தில் ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மலையக நிருபராக ஓடித்திரிந்த காலத்தில், 'தண்ணீருக்கும் மீற்றரா?' என்று ஆவேசமாக ஒரு கட்டுரை எழுதினேன். அருவி தருவதை அளந்து விற்பது அநியாயம் என்பது அதன் சாரம். பாராட்டுக் கடிதங்களும் வந்தன. அளத்தலும் விற்றலும் ஒன்றல்ல என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை.

சுத்திகரித்துக் குழாயில் அனுப்பிய நீருக்கும், பணம் பெற்றுக்கொண்ட நீருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வருமானம் தராத நீர் என்கிறார்கள். நிலத்தடிக் குழாயின் கசிவு, திருட்டு இணைப்பு, குறைத்துக் காட்டும் கிழட்டு மீற்றர், இலவசப் பொதுக்குழாய் எல்லாம் இதில் அடக்கம். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கணக்கில் நாடு முழுவதற்கும் இது ஏறக்குறைய கால் பங்கு. கொழும்பு மாநகரில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அரைவாசிக்குக் கிட்ட இருந்தது. வெள்ளையர் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களும், குடிசைத் தோட்டங்களின் பொதுக்குழாய்களும் அதற்குரிய காரணங்களில் அடங்கும். குழாய்களை மாற்றியும் வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்துமே அதைக் குறைக்க முற்பட்டார்கள்.

அந்த நீர் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சூத்திரம் எளிமையானது. ஒரு பகுதிக்குள் நீர் நுழையும் வாயிலில் பெரிய மீற்றர் ஒன்றை வைக்க வேண்டும். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஊர் உறங்கும். அப்போது வாயிலில் நுழையும் நீரிலிருந்து அதே வேளையில் வீட்டு மீற்றர்கள் காட்டும் நீரைக் கழித்தால், மிச்சம் பெரும்பாலும் கசிவே. இடர்ப்பாடு 'அதே வேளையில்' என்ற சொல்லில் இருக்கிறது. பழைய முறையில் ஒரு தெருவை ஐந்தாம் திகதியும் அடுத்த தெருவைப் பன்னிரண்டாம் திகதியும் நடந்து வாசிக்கிறார்கள். மாதக் கூட்டுத்தொகை தெரியும். இரவு இரண்டு மணி தெரியாது. ஸ்மார்ட் மீற்றர் ஒவ்வொரு மணிக்கும் கணக்கை எழுதி வைத்து வானொலி அலையில் அனுப்பிவிடுகிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு தடவையேனும் பூச்சியத்தைத் தொடாத வீட்டில் ஒழுக்கு இருக்கிறது. எல்லா வீடும் பூச்சியத்தைத் தொட்டும் வாயில் மீற்றர் ஓடுகிறதென்றால் ஒழுக்கு தெருவில் இருக்கிறது.

எமது மலைகளில் இதன் அவசியம் சமவெளியைவிட அதிகம். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். பதுளை நகரம் 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே. பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது பள்ளிப் பாடம். இடையில் தொட்டி கட்டி அழுத்தத்தைத் தணிக்காமல் ஒரே குழாயாக இறக்கினால் பள்ளத்துக் குழாய் வெடித்துவிடும். வெடிக்காவிட்டாலும், அழுத்தம் கூடக் கூடக் கசிவும் கூடும். கசிந்த நீர் சரிவு மண்ணுக்குள்தான் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தைப் புதைத்தது மழைதான். ஆனால் மண் நீரை உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் கண்டவன் நான். குழாயின் ஒழுக்கைப் பண நட்டமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

கருவிப் பித்துக்கும் நான் எதிரானவன். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993இல் 72 சதவீத நீர் கணக்கில் வராமல் போனது. நீர் வழங்கல் அதிகார சபைக்குத் தலைமையேற்ற எக் சொன் சான், படைத் தளபதி ஒருவரின் வீட்டில் மீற்றர் பூட்டப் போய்த் துப்பாக்கி முனையில் நின்றவர். பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. 2006இல் அவருக்கு மகசேசே விருது. அங்கே பூட்டியவை பெரும்பாலும் சாதாரண மீற்றர்கள். மீற்றர் கசிவைக் காட்டும். மண்வெட்டியோடு போய் அடைப்பவன் மனிதன்.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். லயத்து மக்களுக்குத் தண்ணீர் என்றால் பீலி. மலையிடுக்கில் ஊறுவதை மூங்கிலால், பின்னர் இரும்புக் குழாயால், பிற்காலத்தில் கறுப்பு பிளாஸ்டிக் குழாயால் இழுத்து வந்தார்கள். என் தாயார் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இருட்டுவதற்குள் ஆறு நடை குடம் சுமப்பார். தோட்டம் கொழுந்தைக் கிராம் கணக்கில் நிறுத்து எழுதியது. குடத்தை எவரும் எழுதவில்லை. பட்டியல் வராத நீர் என்பதால் அது எமக்கு வசதியாகவே தோன்றியது.

அதன் விலை உமா ஓயாவில் தெரிந்தது. புஹுல்பொல, டயரபா அணைகளிலிருந்து ரந்தெனிய நிலக்கீழ் மின்நிலையத்துக்கு நீர் கொண்டுசெல்லும் சுரங்கத்தைத் தோண்டும்போது, 2014 இறுதியில் மலைக்குள் இருந்த நீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றாடலில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே திரண்டு வீதிக்கு வந்தது. 2024 ஏப்ரல் 24இல் 120 மெகாவோற் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் பாய்ந்த நீரைப் பொறியியலாளர்கள் செக்கனுக்கு இத்தனை லீற்றர் என்று அளந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு எதிராக வைக்க என்ன இருந்தது? 2017இல் தோட்டமொன்றில், காய்ந்து கிடந்த பீலிக்கரையில் நின்று ஒரு மூதாட்டியிடம் முன்பு எவ்வளவு நீர் வந்தது என்று கேட்டேன். "நெறைய வந்துச்சு தம்பி. அளந்தா வச்சோம்?" என்றார். நான் அதை அப்படியே எழுதி அனுப்பினேன். 'நிறைய' என்ற சொல்லை எந்த அதிகாரியும் நட்டக்கணக்கில் சேர்க்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, ஸ்மார்ட் மீற்றரை நகரத்துப் பட்டியல் பெட்டியாக மட்டும் கொண்டுவராதீர்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் லயத் தொட்டியின் வாயிலில் ஒன்று, ஊற்றுக்கண்ணில் ஒன்று வையுங்கள். கட்டணம் பற்றிப் பிறகு சண்டை பிடிக்கலாம். சண்டை பிடிக்கவும் இலக்கம் வேண்டும்.

சென்ற வாரம் பசறைப் பக்கம் போயிருந்தேன். உலக வங்கியின் உதவியுடன் 1993இல் தொடங்கிய சமூக நீர்வழங்கல் திட்டத்துக்குத் தெரிவான மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அக்காலத்தில் பிறந்த சிறு சங்கமொன்று அங்கே இன்னும் இயங்குகிறது. ஒரு கிராமத்துக்கும் ஒரு லயன் வரிசைக்கும் நீர் கொடுக்கிறது. முன்னாள் தோட்டத் தொழிலாளியான பராமரிப்பாளர் நாள்தோறும் இரவு படுக்கப் போகுமுன்னும் விடியற்காலையிலும் தொட்டி மீற்றரைப் பார்த்து, ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் எழுதிவிடுகிறார். இரண்டும் அதிகமாக விலகினால் தடியை எடுத்துக்கொண்டு குழாய் வழியே நடக்கிறார்.

"இதுங்களா ஐயா? பழசெல்லாம் மேல இருக்கு" என்று பரணைக் காட்டினார். ஏணி வைத்து ஏறினேன். பிளாஸ்டிக் உறையில் கட்டிய கொப்பிகள். சிலவற்றின் ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. அந்த ஊற்று வறட்சியில் என்ன தந்தது, மாரியில் என்ன தந்தது என்பதெல்லாம் அவற்றில் நாள்வாரியாக இருந்தன. மாலை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கொப்பியில் பற்றரி தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும்.