சிலோம் சந்துக்காரர்கள்

பாங்காக்கை விட்டு வந்து ரொம்பக் காலமாகிவிட்டது. ஆற்றுப் படகும் தெருவோரச் சாப்பாடும்கூட இப்போது அவ்வளவாக நினைவில் வருவதில்லை. ஒருவருடைய பூர்வீகத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே வேறு பேச்சுக்குப் போய்விடும் அந்த ஊர்க்காரர்களின் அலட்சியம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. நம்மிடம் ஒருவர் "நீங்க எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தால் அந்தக் கேள்வி ஊரோடு நிற்காது. கேட்பவருக்கும் அது தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், சிலோம் சாலையை ஒட்டிய மகேசக் தெருவில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் கல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வார இறுதியில் மாணிக்கமும் நீலமும் வாங்க முதலாளி சந்தாபுரிக்குப் போவார். சில சமயம் என்னையும் கூட்டிப்போவார். சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தால் தரகர்கள் காகிதப் பொட்டலத்தில் கற்களைக் கொண்டுவந்து பிரிப்பார்கள். ஆற்றின் அக்கரையில் பெரிய மாதா கோயில். அதைச் சுற்றிக் குடியிருப்பவர்கள், மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்டு வியட்நாமிலிருந்து தப்பி வந்தவர்களின் வம்சம். அந்த ஊர்க் கோரைப்பாய்க்கு நாடு முழுக்கப் பேர். அது அவர்களுடைய கைவேலை. ஒரு தரகர், தன் அம்மா வழி வியட்நாம், அப்பா வழி சீனம் என்று கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லி, அதே மூச்சில் விலையையும் சொன்னார். முதலாளி விலையில் மட்டும்தான் தகராறு செய்தார்.

பாங்காக்கே அப்படி உருவான ஊர். 1782-ல் அரண்மனைக்கு இடம் வேண்டுமென்று ஆற்றங்கரைச் சீனர்களை மன்னர் முதலாம் ராமா சம்பெங்குக்கு நகர்த்தினார். அவருக்கு முன் ஆண்ட தக்சினின் தந்தையே தியோச்சியூ சீனர். அரசவையில் பெரும் பதவிகளில் இருந்த புன்னாக் குடும்பம் பாரசீக வணிகர் ஒருவரின் வழி. அக்கரையில் குடிச்சீன் பகுதியில், போர்த்துகீசியர் விட்டுப்போன கேக்கை இன்னும் சுட்டு விற்கிறார்கள். நம் பங்குக்குச் சிலோமிலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. விஜயதசமி இரவு அம்மன் வீதிவலம் வரும்போது, நடைபாதையில் பீடம் அமைத்துத் தேங்காயோடு காத்திருக்கும் கூட்டத்தில் தமிழ் முகத்தைத் தேடத்தான் வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நான் குடியிருந்த மாடிக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த பாட்டியைத் தெரியாமல் போயிருந்தால், இதையெல்லாம் இனிப்பாகவே சொல்லி முடித்திருப்பேன்.

பாட்டியின் அப்பா சீனாவின் சுவாத்தோ துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர். கையில் ஒரு பாய், ஒரு தலையணை. அங்கே எல்லாச் சீனக் குடும்பங்களும் சொல்லும் கதைதான். அம்மா மோன் இனப் பெண். வீட்டில் பேச்சு தியோச்சியூ. பாட்டி சீனப் பள்ளியில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய சமயம் பிரதமர் பிபுன் சொங்க்ராமின் ஆட்சி வந்தது. 1939-ல் சயாம் தாய்லாந்து ஆனது. தெற்கத்தியர், இஸ்லாமியர் என்று அடைமொழி போட்டுப் பிரிக்காமல் எல்லோரையும் தாய் மக்கள் என்றே சொல்ல வேண்டும் என அரசாணையும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனப் பள்ளிகளும் சீனப் பத்திரிகைகளும் வரிசையாக மூடப்பட்டன. 1914-லேயே ஆறாம் ராமா சீனர்களைக் கிழக்கின் யூதர்கள் என்று சாடி எழுதியிருந்தார். அவருடைய வம்சத்திலேயே சீன இரத்தம் இருந்தது வேறு விஷயம். பாட்டியின் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது.

பிறகு பிள்ளைகளின் வேலைக்காகக் குடும்பப் பெயரும் போயிற்று. அந்த நாட்டில் குடும்பப் பெயர் என்பதே 1913-ல் சட்டம் போட்டு வந்ததுதான். இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பெயரை எடுக்க முடியாது என்பதால், பிந்தி வந்த சீனர்களுக்கு வாய்த்த பெயர்களெல்லாம் கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டன. பாட்டிக்குத் தன் புதுப்பெயரை முழுதாக எழுத வராது. வங்கிக்கு மகன் கூடப் போக வேண்டும்.

ஏப்ரலில் முன்னோர் வழிபாட்டுக்குச் சோன்புரியில் உள்ள இடுகாட்டுக்கு வேன் பிடித்துப் போவார்கள். ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வாத்து, ஆரஞ்சு, எரிப்பதற்குத் தங்கக் காகிதம். கல்லறையில் மங்கிப்போன எழுத்துகளுக்குப் பேரப்பிள்ளைகள் தூரிகையால் மறுபடி வண்ணம் ஏற்றினார்கள். பூசுவது என்ன எழுத்து என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டி மட்டும், அந்த இரண்டு வருஷப் படிப்பை வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுத் தன் அப்பாவின் பெயரை வாசித்தார். பூர்வீகத்தைப் பற்றி அந்த ஊரில் எவ்வளவு லேசாகப் பேசுகிறார்கள் என்று நான் மகிழ்ந்ததெல்லாம், பேச அதிகம் மிச்சமில்லாததால் வந்த லேசோ என்று அன்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. ஏக்கம் அதனால் குறையவில்லை.

அந்த ஆண்டுகளில் சீனப் பூர்வீகம் திடீரென்று மதிப்பாகிவிட்டது. சுவான் லீக்பாய், பன்ஹான் சில்பா-ஆச்சா என்று அடுத்தடுத்து வந்த பிரதமர்கள் சீன வழியினர். சீனாவோடு வியாபாரம் பெருகியது. மாலை நேர மாண்டரின் வகுப்புகளும் பெருகின. பாட்டியின் பேரன் ஒன்றில் சேர்ந்தான். சில மாதம் கழித்துக் கடை வாசலில் நின்று, பாட்டியிடம் பெருமையாக நாலு வாக்கியம் பேசிக் காட்டினான். தியோச்சியூ பேசி வளர்ந்தவருக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. முழுதாகக் கேட்டு முடித்து, என் பக்கம் திரும்பித் தாய்லாந்து மொழியில் சொன்னார்:

"பார் தம்பி, இவ்வளவு காசு கட்டி, எனக்குப் புரியாத சீனமாகப் பார்த்துப் படித்து வந்திருக்கிறான்."